ஸ்டெல்லா மறந்துபோன வார்த்தை

துணிப் பைக்குள்ள கைய விட்டா சலசலன்னு ஒரு சத்தம் வரும்... ஸ்கிராபிள் எழுத்துக் கட்டைங்க. எழுத்தெழுத்தா எடுத்துப் பலகையில இங்கிலீஷ் வார்த்தை சேக்குற வெளையாட்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல நான் ஒம்பதாவது படிக்கும்போது, ராஜபாளையத்துல ஒரு ஸ்கூல்ல ஸ்கிராபிள் போட்டி வச்சாங்க. ஜோடி ஜோடியா வெளையாடணும். எங்க ஸ்கூல்ல இருந்து நானும் ஸ்டெல்லாவும். ஒரே பெஞ்சு, ஒரே பஸ்சு, மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ்.

அதுல ஒரு ரூல்... சின்ன வார்த்தை வச்சா, ஜட்ஜ் நெனச்சா அர்த்தம் கேப்பாரு. வச்சவ சொல்லக்கூடாது, கூட இருக்கவ சொல்லணும். சொல்லலன்னா மார்க் போச்சு.

இங்கிலீஷ் டீச்சர் ஒரு லிஸ்ட் குடுத்தாங்க. ZO-ன்னா இமயமலப் பக்கத்துக் கலப்பு மாடு. XU வியட்நாம் சில்லறக் காசு. OE எங்கயோ ஒரு தீவுப் பக்கம் அடிக்கிற சுழிக்காத்து. பக்கத்து மலையடி செண்பகத்தோப்பத் தாண்டிப் போகாத எங்களுக்கு அந்தச் சுழிக்காத்து எதுக்குன்னு கேக்காதீங்க... எனக்கும் தெரியாது.

"ரெண்டு பேரும் முழுசாப் படிங்கட்டி"ன்னாங்க டீச்சர். நாங்க கேட்டாத்தான! வார்த்தைய ஞாபகம் வைக்கிறது என் வேல. நான் சொல்லச் சொல்ல அர்த்தம் சொல்றது அவ வேல. பஸ்ல போக வர இதே பாடுதான். லிஸ்ட எழுதுன நோட்டு என் கையில. என் வாயில இருந்து வந்தா அது லிஸ்ட்ல இருக்க வார்த்தைதான்னு அம்புட்டு நம்பிக்க அவளுக்கு.

கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துட்டோம். ஆறு மார்க்குதான் கம்மி. என்கிட்ட மிச்சம் மூணு கட்ட... V, U, Z. ஒரு வார்த்தையும் வரல. காலையில பிரேயர்ல டீச்சர், "கப்போட வருவாங்க"ன்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னது மட்டும் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

VUZ-ன்னு வச்சேன்.

அப்படி ஒரு வார்த்தை இல்லன்னு எனக்குத் தெரியும். ஜட்ஜ் கேக்காம விட்டுருவாருன்னு ஒரு நப்பாச.

அவரு ஸ்டெல்லாவப் பாத்து, "மீனிங்?"னாரு.

அவ கண்ண மூடுனா. உதடு முணுமுணுக்குது. மனசுக்குள்ள லிஸ்ட முழுசாத் தேடுதா, தெரியுது... பொறவு கண்ணத் தொறந்து என்னப் பாத்தா. நான் இருக்குங்கிற மாதிரி தலைய ஆட்டுனேன். பாவி.

"சாரி சார்... மறந்துட்டேன்."

தோத்துட்டோம். திரும்பி வரும்போது பஸ்ல, "நோட்டக் குடு, என்ன அர்த்தம்னு பாக்கேன்"ன்னா. "அங்கனயே விட்டுட்டேன்"ன்னேன். நோட்டு என் பைக்குள்ள, டிபன் பாக்ஸுக்கு அடியில. எங்க ஊர்க் கோபுரம் தெரியிற வரைக்கும் அவ அழுதா. நான் பைய மடியிலயே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

மறுநாள் டீச்சர்கிட்ட, "என்னாலதான் டீச்சர்"ன்னு அவளே போய் நின்னா. நான் பக்கத்துல நின்னு தரையப் பாத்தேன். டீச்சர் திட்டல. அது இன்னும் பயமா இருந்துச்சு.

இப்ப போன்லயே வெளையாடுதேன். இல்லாத வார்த்தைய வச்சா அந்த நிமிஷமே இல்லன்னு காட்டிருது. யாரும் யாரையும் அர்த்தம் கேக்குறதில்ல. பக்கத்துல உக்காந்து என்ன நம்புறதுக்கும் ஆளில்ல.

ஸ்டெல்லா இப்ப மகாராஜபுரத்துல இருக்கா. நல்லது கெட்டதுல எங்க பாத்தாலும், "இவ கப்ப நான்தான் கெடுத்தேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. நானும் சிரிப்பேன். இத்தன வருசமா சிரிச்சே சமாளிச்சாச்சு.

போன வாரம் போன் பண்ணா. அவ மகள வினாடி வினாவுக்கு எடுத்திருக்காங்களாம். "வேண்டாம்னு சொல்லிட்டேன்டி. என்ன மாதிரி நாலு பேரு முன்னாடி மறந்து நின்னுட்டான்னா?"ன்னா.

அன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமில்ல. போன்ல சொல்ல வாய் வரல. அதான் இத எழுதுதேன். இதப் படிச்சுட்டு நீ என்கிட்டப் பேசாமயே போயிரலாம்...

ஸ்டெல்லா, நீ ஒண்ணையும் மறக்கல. அப்படி ஒரு வார்த்தையே இல்ல.

புள்ளைய அனுப்புட்டி.