எருமை முடி வெட்டிக்கொண்ட புத்தகம்

என் மனைவி குருசுக்குப்பத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். மாலையில் அவளை அழைத்துப்போக மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் போவேன். மழை பிடித்துக்கொள்ளுமோ, வழியில் டயர் பஞ்சராகுமோ என்ற கவலையில் எப்போதும் சீக்கிரமே போய் நிற்பேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அவள் பிள்ளைகளுக்கு வேடிக்கைக் கதைப் புத்தகம் படிப்பாள். மதிலோரம் நிற்கும் எனக்கு அவள் குரல் கேட்காது, கடல் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகளின் சிரிப்பு மட்டும் வரும். அதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

“இன்னிக்கு ஏழு” என்பேன், அவள் பின்னால் ஏறும்போது.

“எட்டுங்க. ஒரு தடவ வாயப் பொத்திக்கினு சிரிச்சாங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது.”

எருமை ஒன்று முடி வெட்டிக்கொள்ளப் போகும் புத்தகத்துக்குத்தான் சிரிப்பு அதிகம். பதினாறே பக்கம்.

அவள் இறந்து இரண்டாவது மழைக்காலமும் போய்விட்டது. வீட்டில் குக்கர் விசில் கேட்கிறது, மோட்டார் கேட்கிறது, எதிர்வீட்டு டிவியும் கேட்கிறது. அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்டால் போதும் என்றிருந்தது. அவள் அலமாரியிலிருந்து எருமையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இப்போதிருக்கும் டீச்சர் சின்ன வயது. “கடைசி பீரியடு உங்களுக்குத்தான் சார்” என்றார்.

இருபத்தாறு பிள்ளைகள். மின்விசிறி ஆடிக்கொண்டிருந்ததால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தேன்.

“எருமை மெதுவாக உட்கார்ந்தது. நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.”

நிறுத்தினேன். சிரிப்பு வரவில்லை.

“கடைக்காரர் பயப்படவே இல்லை.”

ஒரு பையன் பென்சில் சீவினான். குரலை உயர்த்தினேன். அலுவலகத்தில் சுற்றறிக்கை படித்துப் பழகிய குரல். ஆறு பக்கம் முடிந்தும் ஒன்றுமில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் சொன்னாள்: “தாத்தா, படத்த நீங்களே பாத்துக்கினு இருக்கீங்க.”

“படிச்சிட்டுக் காட்டுவாரு, சும்மா இருடி” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“எப்போ, பெல்லு அடிச்சப்புறமா?”

அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு பக்கம் கிடந்தன. கடைக்காரர் கத்தரிக்கோலோடு பீரோ மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். எழுத்து சொன்ன பொய்யைப் படம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதை என் பக்கம் வைத்துக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

வியாழக்கிழமைகளில் அவள் தோசை வார்த்தபடி இதே வரிகளை முணுமுணுப்பாள். கையில் புத்தகம் இருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்று கேட்பேன். “புத்தகம் எனக்கு இல்லீங்க, அதுங்களுக்கு” என்பாள்.

புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினேன். எழுத்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. சமையலறையிலிருந்து காதில் விழுந்ததை வைத்துச் சொன்னேன். கடையின் கூரையே சரிந்து கிடந்த பக்கத்தில் மறுபடியும் “நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை” என்றேன்.

“பொய்யி தாத்தா, பொய்யி.” வகுப்பே சிரித்தது. ஒருவனுக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த வரியைத் தேடுவதில் எத்தனை முறை சிரித்தார்கள் என்று எண்ண முடியவில்லை. நல்ல சிரிப்புதான். ஆனால் நான் தேடி வந்தது இதுவல்ல. அது மதிலைத் தாண்டி வரும். அது வந்தால் பின்னாலேயே அவளும் வருவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்தேன். “படம் பிள்ளைங்க பக்கம் இருக்கட்டும்மா.”

“நீங்க உள்ள வந்து உக்காருங்க சார். வெளிய வெயிலு.”

“இருக்கட்டும்மா. இங்கதான் எனக்கு நல்லா கேக்கும்.”

மதிலோரம் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் குரல் காற்றில் போய்விட்டது. சிரிப்பு வந்தது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. ஏழுவரை எண்ணினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது ஒன்று இருந்திருக்கும், எட்டு என்று வைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பின்சீட்டில் வைத்திருந்த பையை எடுத்து முன்னால் மாட்டினேன்.