கிரேஸ் சிஸ்டர் முகர்ந்து பார்த்தது

கிரேஸ் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று காரியாபட்டியிலிருந்து போன் வந்தபோது பதினோராம் வகுப்பு விலங்கியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. இனி அந்த உண்மை தெரிந்தவர் யாருமில்லை என்ற நிம்மதி. அந்த வெட்கக்கேட்டுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பருத்திக்காட்டில் கூலிக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த முத்தையா ஒருநாள் காலையில் வரப்பிலேயே சரிந்தார். எச்சில் வடிந்தது, வியர்த்துக் கொட்டியது, தொடைத்தசை தானாகத் துடித்தது. நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியோடு அந்த வழியே போன சுகாதார நிலையச் செவிலியர் கிரேஸ் சிஸ்டர் நின்று, என்ன என்று கேட்டார்.

"காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான் சிஸ்டர். நெழல்ல கெடந்தா தெளிஞ்சிரும்" என்றேன்.

அவர் முத்தையாவின் வாயை முகர்ந்தார். இமையை விலக்கினார். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது.

"சாராய வாடை இல்ல சார், மருந்து வாடை! சட்டையக் கழத்தித் தண்ணிய ஊத்துங்க. வண்டிய எடுக்காம பாத்துக்கிட்டு நிக்கீகளே!"

பெரியாஸ்பத்திரியில் முத்தையா பிழைத்தார்.

இருபது வருடமாக நான் படம் போட்டு நடத்தும் பாடம் அது. சில நரம்பு செல்கள் ஒட்டியிருக்கும். மின்சாரம் நேரே தாண்டிவிடும். பெரும்பாலானவற்றுக்கு நடுவே மிக நுண்ணிய இடைவெளி. அங்கே ஒரு வேதிப்பொருள்தான் செய்தியைக் கொண்டுபோகும். கொடுத்து முடித்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிட வேண்டும். பூச்சிமருந்து அந்த நொதியை முடக்கினால் செய்தி ஓயாது. எச்சில் வடியும், தசை துடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் தெரியும் எனக்கு. கூலியாள் விழுந்தால் குடித்திருப்பான் என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

விலங்கியல் சார்தான் கண்டுபிடித்தார் என்று ஊரில் பேச்சு. பள்ளி ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். சிஸ்டரும் கைதட்டினார். நான் மறுக்கவில்லை; மேடையில் அந்த நரம்புப் பாடத்தையே விளக்கிப் பேசினேன். இறங்கி வந்ததும் அவரே கேட்டார்: "மின்சாரம் நேரா தாண்டுற எடத்துல இந்த மருந்து பலிக்காதுல்ல சார்?" அங்கே அந்த நொதிக்கு வேலையில்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார். "அடுத்த தடவ வாய மோந்து பாருங்க சார், அம்புட்டுதான்" என்றார். வேறு யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா நான் ஏது சார்?" சிஸ்டரின் பெட்டி அங்கேதான் இருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சிஸ்டரை அறிந்தவர்களே, அவருக்குச் சேர வேண்டிய அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முத்தையாவுக்கு எழுத்து தெரியாது. இதை அச்சில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நாளை அவர் வீட்டுக்குப் போய் நின்று சொல்ல வேண்டும்: "ஒங்களக் காப்பாத்துனது சிஸ்டரு. குடிகாரன்னு சொன்னவன் நான்."