ஜெபம் பண்ணின தேன்

எங்கள் வீட்டு முன்புறத் தோட்டத்தில் ஆளுயர நாரை ஒன்று நிற்கிறது. பிளைவுட்டில் வெட்டி வெள்ளை பெயிண்ட் அடித்த நாரை. அதன் அலகில் ஒரு மூட்டை தொங்குகிறது, மூட்டையின் மேல் என் இரண்டாவது மகளின் பெயர். நெதர்லாந்தின் தெற்கே நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் குழந்தை பிறந்த வீடு என்றால் இப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து வாசலில் நட்டுவைப்பார்கள். நாரைதான் குழந்தையைத் தூக்கிவந்து கொடுக்கும் என்று இங்கே ஒரு பழங்கதை. நாயோடு நடக்கிறவர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், தபால்காரர் எல்லோரும் நின்று பெயரைப் படித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் காலிங் பெல்லைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வாழ்த்து அட்டையைக் கதவிலிருக்கும் தபால் துளை வழியாக உள்ளே தள்ளிவிட்டு, சத்தம் வந்துவிடக் கூடாதென்று அதன் மூடியைக் கையால் பிடித்து மெல்ல இறக்கியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நம் ஊரில் நேர் தலைகீழ். கண் பட்டுவிடும் என்று வாசலில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். ஆனால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லோரும் கட்டில்வரை வந்துவிடுவார்கள். இதைச் சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இங்கே வந்து குடியேறிய பெண்கள் பலரும் இதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது, அதை மறைக்கப்போவதும் இல்லை.

மூத்தவள் ஷாரன் வயிற்றில் இருந்தபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று என்னை விமானம் ஏற்றி வரவழைத்தார்கள். அம்மா வீடு திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தவர். மாமியார் வீடு ஆவடி, சொந்த மாடி வீடு, மாமா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு ரயில் நிறுத்தம்தான். ஆனால் சம்பந்தி வீட்டாரிடம் பேசுவதற்கென்று அம்மா தனியாக ஒரு குரல் வைத்திருந்தாள். அந்தக் குரலில் 'சரிங்க'வைத் தவிர வேறு வார்த்தையே வராது.

வலி எடுத்து அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோமுக்கு என்னை ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். நான் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், தன் சபையின் பெண்கள் ஜெபக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்: மருமகள் லேபர் வார்டில், ஊக்கமாய் ஜெபியுங்கள். ஜெபத்தை வீட்டிலிருந்தே செய்திருக்கலாம். அவர்கள் நேரில் வந்தார்கள். என் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். நான் கத்தியபோது ஒருவர் என் வாயருகே குனிந்து, "இயேசப்பான்னு மட்டும் சொல்லும்மா, வேற சத்தம் வேணாம்" என்றார். அத்தை வீடியோ காலில் என் கணவர் ஜெபராஜைப் பிடித்து, "பாருப்பா, உன் பொண்டாட்டி எவ்வளவு பாடுபடுறா பாரு" என்று போனை என் பக்கம் திருப்பினார். அவர் இங்கே நெதர்லாந்தில், ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் யார் யார் நின்று பார்த்தார்களோ தெரியாது. நான் என்ன கோலத்தில் கிடந்தேன் என்பது எனக்குத் தெரியும். வார்டு ஆயா ஒருத்திதான் சத்தம் போட்டாள்: "இன்னாம்மா, கும்பலா வந்துகினு கீறீங்க? புள்ள பொறக்கவே இல்ல, அதுக்குள்ள பந்தி போட்டுட்டீங்க?" அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தத் தேனைத்தான் என்னால் விட முடியவில்லை.

சேனை வைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல குணமுள்ள ஒருவர் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு வைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். பிள்ளை அடம்பிடித்தால் 'யாரு இதுக்குச் சேனை வெச்சது' என்று கேட்பார்களே, அதுதான். நாங்கள் கிறிஸ்தவர்கள். சேனை என்ற சொல் அத்தையின் வாயில் வராது, அது அஞ்ஞானிகள் செய்வது. அத்தை செய்தது வேறு. பாஸ்டரம்மா தேன் கிண்ணத்தின்மேல் கைவைத்து ஜெபிப்பார், பிறகு தன் விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். அதன் பெயர் ஜெபம் பண்ணின தேன். பெயரை மாற்றினால் வழக்கம் மாறிவிடுமாம்.

தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நான் ஏழாம் மாதத்திலிருந்தே சொல்லிவந்தேன். டாக்டரும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரசவமான மறுநாள் நான் அசந்து தூங்கியபோது பாஸ்டரம்மா வந்திருக்கிறார். நான் கண் விழித்தபோது ஒரு விரல் என் பிள்ளையின் வாயிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது, உதடு பளபளத்தது. பிள்ளையை மடியில் வைத்துத் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என் அம்மா. முந்தானையால் அந்த வாயைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்து வயிற்றுப்போக்கு. பிள்ளை வாடிப்போய், வேறு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் விரல் அளவுகூட இல்லாத மணிக்கட்டில் ஊசி. எனக்குப் பால் கட்டி ஜாக்கெட் நனைந்துகொண்டே இருந்தது, குடிக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. "வாயில என்ன வெச்சீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அறையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் தேன் என்றேன். படிச்ச பொண்ணுதானே நீ என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்த வாரம் என்னையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனார்கள். அத்தை எழுந்து சாட்சி சொன்னார். மரணத்தின் வாசல்வரை போன பேத்தியைக் கர்த்தர் திருப்பிக் கொடுத்தார் என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம். முன் வரிசையில் பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்த்தர் யாரிடமிருந்து காப்பாற்றினார் என்பதை மட்டும் சாட்சியில் விட்டுவிட்டார்கள். நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "சம்பந்தியம்மா பக்கத்துலயே நின்னுகினு கீறாங்க. பாஸ்டரம்மா விரல்ல எடுத்துட்டாங்க. நான் எப்டிடி வேணாங்கிறது? பொண்ணு குடுத்த ஊடு" என்றாள். அத்தை மேல் எனக்கு எரிச்சல்தான். அம்மா மேல் வந்த கோபம் வேறு. அந்தக் கூட்டத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்.

இரண்டாவது முறை கருவுற்றபோது இங்கேயே பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இங்கே ஒரு மருத்துவச்சிதான் மாதாமாதம் பார்ப்பாள். ஒருநாள் ஜெபராஜையும் வைத்துக்கொண்டு, பிரசவத்தின்போது உன்னோடு யார் இருக்க வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் முகம் மாறியது. ஏதோ சாக்குச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்து, "வீட்டில் உனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். யாராவது என்னை அடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் பாவம். அடிக்கவெல்லாம் இல்லை, எல்லோருக்கும் என்மேல் பாசம் என்றேன். அவளுக்கு இன்னும் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்கும் அதற்குமேல் விளக்க வரவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன், உன்னோடு யார் இருக்க வேண்டும் என்று நம் ஊரில் என்னிடம் யாருமே கேட்டதில்லை.

அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். வலி வந்தால் சொல்ல மாட்டேன். பிறந்தபிறகு நானே சொல்வேன். பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை யாரும் வரக் கூடாது. அத்தை, "ஃபாரின் போனா ரத்த பந்தமும் மாறிடும் போல" என்று சொல்லி போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா பாஸ்போர்ட் எடுத்து, ஆவடி மார்க்கெட்டில் ஸ்வெட்டர் வாங்கி, பிரசவ மருந்து வறுத்து அரைத்தும் வைத்திருந்தாள்.

"அவங்கள வேணாங்கிற, சரி. என்னியுமா?"

"உன்னையும்தான்."

"சரி, நீ சொல்ற வரிக்கும் நான் போன் பண்ணல" என்றாள். சம்பந்தி வீட்டாரிடம் பேசும் அந்தக் குரலில் அன்று முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

வலி காலையில் வந்தது. மருத்துவச்சி, ஜெபராஜ், நான். அவ்வளவுதான் ஆட்கள். பல்லைக் கடித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் காதருகே குனிந்தார். "அம்மா லைன்ல இருக்காங்க. சும்மா ஜெபம்தான் பண்றாங்க, காதுல வைக்கட்டுமா?" சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர். போனிலிருந்து ஆவடியின் மொத்த ஜெபக் குழுவும் கேட்டது. "வெளியே போடா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்றுகூடச் சொன்னதில்லை. மருத்துவச்சிக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் கையை நீட்டினாள், போனை வாங்கி அணைத்தாள், கையுறைகள் இருந்த இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அவர் மூலையில் நின்று அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

மதியம் பெண் பிறந்தாள். அவள் வாயில் பாலைத் தவிர ஒன்றும் படவில்லை.

மறுநாளிலிருந்து மருத்துவக் காப்பீட்டு ஏற்பாட்டில் ஒரு தாதி வீட்டுக்கு வந்தாள். இங்கே அதற்குக் கிராம்ஸோர்க் என்று பெயர். பெற்றவளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, யார் உள்ளே வரலாம் என்பதையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். வெண்ணெய் தடவிய ரஸ்க்கின்மேல் சீரக மிட்டாய் தூவித் தட்டில் நீட்டியபடி, "உங்கள் நாட்டில் குடும்பமே கூடி நின்று பிள்ளை பெறுவீர்களாமே, எவ்வளவு அழகு, இங்கே எல்லாரும் தனிதான்" என்றாள். ரஸ்க்கை மென்றுகொண்டு ஆமாம் என்றேன். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அழகு என்று சொல்ல அவள் அந்தக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும்.

அன்று மாலை தாதி போனபிறகு அம்மாவை வீடியோவில் அழைத்தேன். எடுத்தாள். ஆனால் திரையில் தெரிந்தது திருமுல்லைவாயில் வீட்டு மின்விசிறி மட்டும்தான். போனை மல்லாத்திப் பிடித்திருந்தாள்.

"இப்ப பாக்கலாமா, இல்ல அப்பறமா பண்ணட்டா?"

"பாரும்மா, பொண்ணு" என்றேன்.

அதன்பிறகுதான் முகத்தைக் காட்டினாள். முந்தின நாள் காலையிலேயே அத்தை அவளுக்கு போன் செய்து, 'வலி வந்திருச்சே, உங்களுக்குச் சொல்லலையா?' என்று கேட்டிருக்கிறார். அப்போதிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிடவில்லை. என் சொல்லை மதித்த ஒரே ஆளுக்குத்தான் பிள்ளை பிறந்தது கடைசியில் தெரிந்திருக்கிறது. என் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

இன்றும் அம்மாவின் அழைப்பு மின்விசிறியில்தான் தொடங்கியது. இப்ப பாக்கலாமா என்று தினமும் கேட்கிறாள், பாரும்மா என்று தினமும் சொல்கிறேன். இன்று ஷாரன் போனைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். "ஆயா, கொக்கு பாரு."

"இன்னாடி அது பொம்ம?" என்றாள் அம்மா. வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெருவுக்குச் சொல்லும் பலகை என்றேன்.

"தெருவுல போறவங்களுக்கு எல்லாமா?"

"ஆமாம்மா."

"எப்ப நட்டீங்க?"

"மறுநாள் காலையில."

நான் அவளை அழைத்தது அன்று மாலை. அவளுக்கும் அது தெரியும். திரையில் அவள் முகம் விலகி மறுபடி மின்விசிறி வந்தது.

"நல்லாத்தான் கீது" என்றாள் பிறகு. "மழையில நனையுது பாரு. உள்ள எடுத்து வைங்க."

"அது வெளியில நிக்கத்தாம்மா" என்றேன்.