ஷாகுல் பாய் வாசலில் வேலப்பன் பெயர்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் தண்ணீரைப் பற்றி வேலப்பனைவிட அதிகம் பேசுகிறவர் கிடையாது. லாரித் தண்ணீர் வராத நாட்களைப் பற்றி அல்ல. அதைப் பெண்கள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். அவர் பேசுவது பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைப் பற்றி. துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர்களைக் கழுவுகிற யார்டில் பல வருடம் வேலை செய்தவர். அவர் சொல்வதைக் கேட்டால், அவர் கழுவிக் கொடுக்காவிட்டால் கப்பல்கள் கரையை விட்டே நகராது என்று தோன்றும்.

அந்த யார்டில் ஒரு பழக்கம் உண்டு. துப்பாக்கி மாதிரி இருக்கும் பிரஷர் கன்னைக் கையில் வாங்கியதும், கழுவுகிறவர் கன்டெய்னரின் அழுக்குச் சுவரில் முதலில் தன் பெயரைத் தண்ணீரால் எழுதுவார். அழுக்கு போன இடம் எழுத்தாகத் தெரியும். தண்ணீர் நேராக வருகிறதா, வேகம் போதுமா என்பதெல்லாம் அதிலேயே புரிந்துவிடும். பிறகு முழுச் சுவரையும் கழுவும்போது எழுத்து காணாமல் போகும். மற்றவர்கள் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வேலப்பன் முழுப் பெயரையும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுப்பார்.

ஒரு நாள் சூப்பர்வைசர் நசீர், "மாமு, பேரு நல்லாத்தான் கீது. அப்டியே கன்டெய்னரையும் கொஞ்சம் கழுவு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். வேலப்பன் கன்னைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தபா இந்த கேட்டை மிதிச்சேன்னா என் பேரு வேலப்பன் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதைத் தெரு முழுக்கவும் வந்து சொன்னார். யாரும் கேட்டு வாங்காத சபதம் அது.

அதற்குப் பிறகு பாரிமுனையில் சொந்தமாக ஒரு பிரஷர் மிஷின் வாங்கினார். அவர் மனைவி ராஜாத்தியும் கூடப் போயிருந்தார். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். முனையில் மாட்டும் நாசில்களில் சிவப்பு, ஊசி மாதிரி ஒரே கோடாக அடிக்கும், அது இரும்புக்கு. வெள்ளை, விசிறி மாதிரி விரிந்து அடிக்கும், கான்கிரீட்டுக்கு அதுதான். ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, பிரஷால் தேய்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாத ஒரு ஓரத்தில் முதலில் அடித்துப் பார்க்க வேண்டும். ராஜாத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வேலப்பன் கடை வாசலில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்டெய்னர் கழுவியவருக்குக் கடைக்காரன் பாடம் எடுப்பதா?

முதல் பெரிய வேலை மணலி புதுநகரில் கிடைத்தது. ஷாகுல் ஹமீது அங்கே ஒரு தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவர். மகள் நவ்ரீனுக்குக் கல்யாணம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் ஏறும் கான்கிரீட் தளம், புகைக்கரியும் எண்ணெயும் படிந்து கறுத்துக் கிடந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அதே மாதிரி தளம், அதே கறுப்பு.

"என் வூட்ட நல்லா செஞ்சி குடு. தெரு மொத்தமும் உனக்கே பேசி உடறேன்" என்று பாய் சொல்லியிருந்தார். அந்தத் தெரு கையில் வந்தால் வருடம் முழுக்க வேலை இருக்கும். நசீர் முகத்தில் முழிக்கவே வேண்டாம்.

கழுவுகிற அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டு ஓரம் வந்து நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் வேலப்பனுக்கு முதுகு நிமிர்ந்தது. சிவப்பு நாசிலை எடுத்து மாட்டினார்.

"யோவ், கடக்காரரு வெள்ளன்னு சொன்னாரு" என்றார் ராஜாத்தி. அவர் கையில் பிரஷும் சோப்புத் தூளும் இருந்தன. "மொதல்ல ஓரமா அடிச்சிப் பாரு."

"ஓரமா அடிச்சா எவன் பாப்பான்? நீ போய் பக்கெட்ல தண்ணி புடி."

தளத்தின் நட்டநடுவில், நாசிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, எழுத ஆரம்பித்தார். கரிக்கு நடுவில் 'வேலப்பன்' என்று பளிச்சென்று வந்தது. அடியில் கோடு. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். கை தட்டினால் எதையும் செய்யக்கூடியவர் முன்னால் கை தட்டக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் ராஜாத்தி விடவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தார். வேலப்பன் வெள்ளை நாசிலை மாட்டிக்கொண்டு மீதித் தளத்தைக் கழுவினார். அதை நன்றாகவே கழுவினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கரி போய், தளம் புதிதாகப் போட்டது மாதிரி வெளிறி வந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

அழுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று முடிவு செய்து, மறுபடி சிவப்பு நாசிலால் அதே எழுத்துகள்மேல் அடித்தார். இப்போது மணலும் சின்னச் சின்ன ஜல்லியும் தெரிந்தன. கான்கிரீட்டின் மேலே வழவழவென்று மெல்லிய சிமெண்டுத் தோல் இருக்கிறது. ஊசித் தண்ணீரைக் கிட்டத்தில் அடித்தால் அது உரிந்துவிடும், திரும்ப வராது. இரும்பை உரிக்க முடியாது, அதனால் யார்டில் இவர் பிழைத்தார். இதைத்தான் பாரிமுனையில் சொல்லியிருந்தார்கள், இவர் பஸ் பார்த்த நேரத்தில்.

ஷாகுல் ஹமீது குனிந்து எழுத்தைத் தடவினார். விரல் பள்ளத்தில் இறங்கியது.

"இன்னா வேலப்பா இது?"

"ஈரம் பாய். நாலு நாள் வெயில் பட்டா சமமாயிடும்."

"வெயில் வந்து பள்ளத்த ரொப்புமா?"

பாயின் மனைவி காத்தூன் பீவி வாசலுக்கு வந்து, நின்று, முழுப் பெயரையும் படித்தார். "பத்திரிகைல நம்ம பேரு. வாசல்ல இவுரு பேரு. வர்றவங்க மொய்ய யாரு கையில குடுப்பாங்களாம்?"

"கோடு வேற போட்டுக்கீறாரு" என்றார் காம்பவுண்டிலிருந்து ஒருவர்.

"கல்யாணத்துக்குள்ள இத எடுத்துடு" என்றார் பாய். "எடுத்துட்டா தெரு உன்து. இல்லன்னா மிஷின தூக்கிகினு கெளம்பிடு."

மறுநாள் வேலப்பன் கொத்தனார் கரணையும் சிமெண்டுமாக வந்தார். பள்ளங்களை அடைத்தார். அடைக்கும்போது அவருக்கே உரிய புத்தி வேலை செய்தது. பிசிறுகளைத் தட்டி, ஓரங்களைக் கரணையால் அழகாக வழித்துவிட்டார். காய்ந்ததும் பார்த்தால், வெளிறிய தளத்தில் புதுச் சிமெண்டின் கருஞ்சாம்பல் நிறத்தில், கடை போர்டு மாதிரித் திருத்தமாக அவர் பெயர் நின்றது. முன்பு அது கிறுக்கல். இப்போது விளம்பரம்.

கல்யாணத்தன்று அதன்மேல் கம்பளம் விரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் கார் ஏறியபோது கம்பளம் சுருண்டு ஒதுங்கியது. இறங்கிய பெரியவர் ஒருவர் கீழே பார்த்துவிட்டு, "வீடு மாறி வந்துட்டமா?" என்று கேட்டார். அந்த வாரமே சங்கத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அவரவர் வாசலில் அவரவர் கரி இருக்கட்டும், வேலப்பன் வேண்டாம்.

அடைத்த சிமெண்டு கார் சக்கரத்தில் பெயர்ந்து போய்விட்டது. சொரசொரப்பான பள்ளத்தில் காற்றில் வரும் கரி தங்கியது. மற்ற இடத்தைக் காத்தூன் பீவி துடைப்பத்தால் பெருக்கிவிடலாம், பெயரைப் பெருக்க முடியாது. வெள்ளையாக எழுதியது இப்போது கறுப்பாகத் தெரிகிறது.

இந்தச் செய்தி பரவிய பிறகு யாரும் வாசலைக் கழுவ வேலப்பனைக் கூப்பிடவில்லை. மிஷின் வீட்டில் படுத்துக்கொண்டது. ராஜாத்தி ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிக் கொண்டுவந்ததில் அடுப்பு எரிந்தது. கடைசியில் அவர்தான், "சபதத்த நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போ" என்று தள்ளிவிட்டார்.

நசீர் கேட்டிலேயே நின்றிருந்தார். "யாரு நைனா நீ? வேலப்பன் இந்த கேட்டை மிதிக்க மாட்டாருன்னு கேள்விப்பட்டேனே."

"பழச பேசாத மாமு. கன்ன குடு."

நசீர் கொடுத்தார். யார்டில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இத்தனை பட்ட மனிதர் முதல் எழுத்தோடாவது நிறுத்துவார் என்று நினைத்தார்கள். வேலப்பன் கன்டெய்னர் பக்கத்தில் போய், முழுப் பெயரையும் முன்பைவிடப் பெரிதாக எழுதி, அடியில் கோடு இழுத்தார். பிறகு சுவர் முழுவதையும் கழுவினார். எழுத்து சுத்தமாகப் போய்விட்டது.

அவர் திரும்பி நசீரைப் பார்த்தார். "பாத்தியா? போயிடுச்சி. என் கையில ஒரு தப்பும் இல்ல. அந்த பாய் போட்டு வச்சிருந்த கான்கிரீட்டுதான் கலீஜு."