டீ பிரேக்கில் நான் அடித்த காற்று

புஸ்ஸ்ஸ்ஸ்...

அந்த ஏர் கன் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. காற்று அடித்ததும் தையல் மெஷினிலிருந்து பஞ்சு கிளம்பி டியூப்லைட் வெளிச்சத்தில் மிதக்கும். எண்ணெய் வாசனையோடு மூக்கில் ஏறும். அப்புறம் தும்மல்தான்!

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. எனக்கு முதல் வேலை. பேர் என்னவோ சிஸ்டம் இன்சார்ஜ், இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அந்தப் பெருமையில் கால் தரையில் பாவாது.

அதில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் டைப் பண்ணுவது எஸ்தர் அக்கா. பத்து வருஷம் பனியனில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் நின்றே வேலை பார்த்து முழங்கால் போனவர். தானாக டைப்பிங் கற்றுக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்திருந்தார்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது... திடீரென்று ஸ்கிரீன் அப்படியே நின்றுவிடும். அரை நிமிஷம் எதுவும் அசையாது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

"தம்பி, மறுபடி நின்னுபோச்சுங்க. நான் ஒண்ணும் அமுத்தலீங்க."

நான் நம்பவில்லை. ரேம் மாற்றினேன். லினக்ஸை இரண்டு தடவை புதுசாகப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினேன். ம்ஹூம்...

முதலாளி கேட்டபோது வாய் கூசாமல் சொன்னேன். "அக்காதானுங்க ஒரே நேரத்துல கண்டதையும் திறந்து வெச்சுக்கறாங்க."

"அப்படீன்னா திங்கக்கிழமையில இருந்து எஸ்தரு செக்கிங்குக்கே போகட்டும் கண்ணு" என்றார்.

அக்கா பக்கத்தில்தான் இருந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வேறு வழி தெரியாமல், கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கிற சிஸ்டம் லாகைத் திறந்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது! வரிசையாக எரர். டிஸ்க்குக்கும் மதர்போர்டில் அதை இயக்குகிற ஸ்டோரேஜ் கண்ட்ரோலருக்கும் நடுவே தொடர்பு அறுந்து, ரீசெட் ஆகி, மறுபடி ஒட்டுகிறது. டிஸ்க் புதுசு, கோளாறு மட்டும் பழசு.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது எரர் இல்லை, பக்கத்தில் இருந்த நேரம். புது டிஸ்க் போட்டதிலிருந்து எந்த நாளைப் பார்த்தாலும் முதல் எரர் பத்தே முக்காலுக்கு. பத்தரைக்கு டீ பிரேக்.

டீ பிரேக்கில் அக்கா கேன்டீனில் இருப்பார். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருப்பது நான் மட்டும்... கையில் ஏர் கன்னோடு!

டெய்லர்கள் எல்லோரும் தினமும் மெஷினுக்குக் காற்று அடிப்பார்கள். நானும் பஞ்சு போகட்டுமே என்று என் கம்ப்யூட்டர் மூடியைத் திறந்து அடிப்பேன். ஹேங் அதிகமாக ஆக, இன்னும் கிட்டப் பிடித்து அடித்தேன்.

மூடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன். டிஸ்க் கேபிள் போர்டிலிருந்து பாதி கழன்று நின்றது. சொருகுகிற இடத்துக்குள் பஞ்சு அடைந்திருந்தது. அடப்பாவி, நானா!

பஞ்சை எடுத்துவிட்டுப் புதுக் கேபிள் போட்டேன். சாயங்காலம் வரை ஒரு எரர் இல்லை. முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. நாற்காலி அக்காவுக்கே என்று ஆனது.

திங்கட்கிழமை டீ பிரேக். எல்லோரும் போய்விட்டார்கள், அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டீக்குப் போகலீங்களாக்கா?"

"நீங்க போய்ட்டு வாங்க தம்பி. நான் இங்கயே உக்காந்துக்கறேனுங்க."

இப்போது எனக்கே ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது. இந்தக் காலத்து லேப்டாப்பில் அந்தக் கேபிளே கிடையாது, டிஸ்க் நேராகப் போர்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. எது வந்தாலும் முதலில் லாகைத்தான் பார்க்கிறேன். 'நான் ஒண்ணும் அமுத்தலை' என்று யார் சொன்னாலும் நம்பிவிடுகிறேன்.

போன வாரம் எஸ்தர் அக்கா கடைக்கு வந்தார். தலையெல்லாம் நரை. பேத்தியின் லேப்டாப் நின்று நின்று ஓடுகிறதாம்.

"விட்டுட்டுப் போங்கக்கா, சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றேன்.

மேஜை மேல் இருந்த, காற்றடிக்கிற புளோயரை ஒரு பார்வை பார்த்தார்.

"பரவாயில்லீங்க தம்பி. நான் இங்கயே உக்காந்துக்கறேனுங்க."

நாற்காலியை நானே எடுத்துப் போட்டேன்.