வீட்டுக்கார அம்மா செய்த குங்குமம்

போத்தனூரில் வாடகைக்கு மூன்று வீடு பார்த்தோம். என் நெற்றியைப் பார்த்ததும் மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான்: "ஏற்கெனவே பேசியாச்சுங்க." எங்கள் சபையில் பொட்டு வைப்பதில்லை. பொட்டில்லாத நெற்றி என்றால் சர்ச்சுக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள் என்றால் இன்ன ஆட்கள் என்று ஊருக்கு ஒரு கணக்கு. எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

நான்காவது வீட்டு அம்மா அதை நேராகவே கேட்டார். "ஏனுங்க அம்மணி, நெத்தி வெறுமையா இருக்குது?" நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அவளுக்குப் பொட்டு ஒத்துக்காதுங்க. வெச்சா அரிச்சுப் புண்ணாயிரும்."

சாவி கைக்கு வந்துவிட்டது. வெளியே வந்ததும், "என் சாமிய அரிப்பாக்கிப் போட்டீங்களே" என்றேன். "மொதல்ல குடி போலாம், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார். மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வெயிலில் என்னோடு அலைந்த மனிதர். அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை.

அப்புறம் சொல்வது அத்தனை சுலபமா? அந்த அம்மா பக்கத்துப் போர்ஷன். தினமும் வந்து நான் சாப்பிட்டேனா என்று பார்ப்பார். வாய்க்கு எதுவும் பிடிக்காத நாளில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக் கொண்டுவருவார். நானோ ஞாயிற்றுக்கிழமை பைபிளைக் காய்கறிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு திருடி மாதிரி கேட்டைத் தாண்டுவேன். என்மேலேயே எரிச்சலாக வரும். ஜெபிக்க முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வராது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்னக் கிண்ணத்தோடு வந்தார். விரலெல்லாம் சிவப்பு.

"கடைக் குங்குமத்துல கண்ட மருந்தையும் கலந்துபோடறானுங்க, அதான் உனக்கு அரிக்குது. இது ஈரோட்டு மஞ்சள், எலுமிச்சஞ்சாறு எல்லாம் போட்டு நானே செஞ்சது கண்ணு. மாசமா இருக்கறவ நெத்தி வெறுமையா இருக்கப்படாது." தானே வைத்துவிட விரலை நீட்டினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"அரிப்பெல்லாம் இல்லீங்கம்மா. நாங்க ஏசுசாமியக் கும்புடறவங்க. ஊடு கெடைக்காதுன்னு பொய் சொல்லிப்போட்டோம். உங்ககிட்ட இனியும் மறைக்க முடியலீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "முன்னயே சொல்லியிருந்தா ஊடு குடுத்திருக்க மாட்டேன்" என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமே பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன். பிள்ளையை எந்த வீட்டில் பெறுவது என்று தெரியவில்லை. ஆனாலும் முழங்கால் போட்டபோது வார்த்தை வந்தது.

விடிந்ததும் கதவு தட்டும் சத்தம். அந்த அம்மாதான், கையில் அதே கிண்ணம். வாசலோரம் கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"அத அவுத்து வெய்யி. பழகிப்போட்டேன், இனி என்ன பண்றது?" கிண்ணத்தை என் கையில் வைத்தார். "மிச்சமிருந்த மஞ்சள். வெறும் தூளுதான். கொழம்புல போட்டா உங்க சாமி கோவிச்சுக்காதுல்ல?"

"கோவிச்சுக்காதுங்கம்மா."

அன்று ஞாயிற்றுக்கிழமை. பைபிளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு, அவர் பார்க்கவே கேட்டைத் திறந்தேன்.

"வெயிலுக்கு முன்ன வந்துரு கண்ணு" என்றார்.