இருட்டில் நிற்காத ட்ரம்

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். கண்டியில் யாராவது ஒரு பையைத் தரையில் வைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் பத்தடி தள்ளிப் போவார்கள். நான் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே போய்விடுவேன். அப்படிப்பட்ட நாட்களில்தான், தமிழருக்கு எதிரான எண்பத்துமூன்று கலவரத்தோடு கலைந்துபோன எங்கள் இசைக்குழுவை, கலைஞர்களுக்கான ஒரு விருது விழாவில் மீண்டும் வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

கிற்றார்காரர் யாழ்ப்பாணத்தவர். கலவரத்தில் எங்கள் வாத்தியங்கள் எரிந்ததும் ஊருக்குப் போனவர், விழாவன்றுதான் திரும்பக் கண்டிக்கு வந்திருந்தார். பாடகர், கண்டிக்குப் பக்கத்து மடவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். நான் ட்ரம்ஸ். தலையில் முடி போய், வயிற்றில் தொப்பை வந்திருந்தது. தாளம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

"பயப்படாதையடாப்பா, கை தானாப் போகும்" என்றார் கிற்றார்காரர்.

"கை போகட்டும்ணே, நானும் கூடவே போயிருவேன் போலருக்கு."

மண்டபம் நிறையக் குடும்பங்கள், குழந்தைகள். பாதுகாப்புக்காக ஒரு வாசலைத் தவிர மற்றதெல்லாம் பூட்டு. இரண்டாவது பாட்டின் நடுவில் வெளியே டமாரென்று ஒரு சத்தம். விளக்கு, மைக், கிற்றார் எல்லாம் ஒன்றாகச் செத்தன. "குண்டு!" என்று யாரோ கத்தினார்கள். நானும் கத்தத்தான் வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. உட்கார்ந்திருந்த கதிரைகள் விழுந்தன. அந்த ஒற்றை வாசலுக்கு எல்லோரும் ஓடினால் எத்தனை பிள்ளைகள் மிதிபடும்!

நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஓடத்தான் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. பெடலில் இருந்த வலது கால் வெடவெடவென்று நடுங்க, பெரிய ட்ரம் அதுபாட்டுக்குத் தும் தும் என்று முழங்கிக்கொண்டிருந்தது.

"அப்படித்தான் மச்சான், விட்டுராதீங்க!" என்றார் பாடகர். மைக் இல்லாமல், விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். கிற்றார்காரர் கிற்றாரின் பலகையில் தட்டினார். முன்வரிசையில் யாரோ கைதட்ட, ஓடிய காலடிகள் ஒவ்வொன்றாக நின்றன. தமிழரும் சிங்களவரும் ஆடிப்பாடும், எல்லோருக்கும் தெரிந்த பைலா மெட்டு அது. சற்று நேரத்தில் முழு மண்டபமும் இருட்டில் பாடியது. யார் எந்த மொழியில் பாடுகிறார்கள் என்றே தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டோர்ச்சோடு வந்தவர்கள், வெடித்தது தெருவிலிருந்த டிரான்ஸ்போர்மர் என்றார்கள்.

கிற்றார்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். "உன்ர துணிவைப் பாத்து அசந்திட்டனடா."

"துணிவா? கால் நடுங்கிச்சுண்ணே!"

"வெளிய சொல்லிறாதீங்க மச்சான்" என்றார் பாடகர். "நாங்களும் உங்க ட்ரம் சத்தத்தக் கேட்டுத்தான் ஓடாம நின்டோம்."

எண்பத்துமூன்றில் எங்கள் குழுவைச் சிதறடித்ததும் பயம்தான், அன்று என் கால் வழியாக வந்து அத்தனை பேரையும் ஓடாமல் பிடித்து வைத்ததும் அதே பயம்தான் என்று நினைக்கும்போது, இன்றும் எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் உடம்பு சிலிர்த்துவிடுகிறது.